ஊரடங்குக் காலமும் நம் சிறுவர்களின் தேக நலமும்

 

வியாபாரிகளாகிய நாம் ஆண்டுக்கொரு முறை கடையின் இருப்பை எண்ணிக் கணக்கெடுக்கத் தவறுவதில்லை. கொள்ளை நோயின் நிமித்தம் 2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் நாட்டில் ஊரடங்கு அமுலில் இருந்தபோது நமக்கு நேர்ந்த நஷ்டத்தையும் வரி வரியாக எழுதி வைத்திருக்கிறோம். கடை வாடகை இவ்வளவு, வேலையாட்களுக்குக் கொடுத்த சம்பளம் இவ்வளவு, தேதி கடந்து கொட்டிய சரக்கு இவ்வளவு என்று இன்றைக்கு எவரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வார். ஆனால் அதே காலத்தில் வீட்டுக்குள் இருந்த நம் பிள்ளைகளின் தேகத்தில் ஏறிய கணக்கை நம்மில் அநேகர் எழுதி வைக்கவில்லை.

நமக்கு அதை முதன் முதலில் எடுத்துச் சொன்னவர் வைத்தியர் அல்லர், ஜவுளி வியாபாரி. பள்ளிச் சீருடை விற்கும் நம் அங்கத்தினர் ஒருவர் கூறினார்: "பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம் தாய்மார்கள் பழைய கால்சட்டையைக் கையோடு கொண்டுவந்து காட்டினார்கள். நீளம் சரியாகத்தான் இருக்கிறது, இடுப்புத்தான் கொள்ளவில்லை என்றார்கள். நீளம் பற்றாமற் போனால் பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்று சந்தோஷப்படலாம். இடுப்பு மட்டும் பற்றாமற் போவது வேறு விஷயம் என்று அப்போதே எனக்குப் பட்டது."

இம்மாதப் பாடத்திற்கு அவருடைய இந்த வார்த்தையையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்வோம். மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அன்றே பள்ளிக்கூடங்கள் மூடின. ஆரம்பப் பள்ளியின் கீழ் வகுப்புச் சிறுவர்கள் மீண்டும் வகுப்பறையைக் கண்டது ஜூலை 22ஆம் தேதி. நவம்பர் 9ஆம் தேதி மறுபடி மூடல். 2021இல் சில மாதங்கள் திறந்து, மீண்டும் மூடி, அக்டோபர் 3ஆம் தேதி முதல்தான் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கட்டுப்பாடு; ஏப்ரல் 8 முதல் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம். காலத்தைப் பார்த்தால் அக்கரையாரைவிட நம் பிள்ளைகளே அதிகம் வீடடங்கிக் கிடந்தவர்கள்.

ஊரடங்கைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் செல்ல வேண்டாம், அவ்வூரில் இருப்போர் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த சமுதாயம் நாம். அடங்கியிருந்தது சரியே. அடங்கியிருந்த காலத்தில் நாம் கவனியாமல் விட்டது எது என்பதே கேள்வி.

இத்தாலி தேசத்தில் வெரோனா என்ற நகரத்து வைத்தியர்கள், மிகை எடையுள்ள 41 பிள்ளைகளை நோய் வருவதற்கு முன்பிருந்தே கவனித்து வந்தார்கள். ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆனதும் அதே பிள்ளைகளின் தினசரிப் பழக்கங்களை மறுபடி விசாரித்தார்கள். மூன்றே வாரத்தில் ஏற்பட்ட மாறுதலைக் கேளுங்கள். நாளொன்றுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கூடியிருந்தது. தூக்கம் அரை மணிக்கு மேல் கூடியிருந்தது. விளையாட்டு வாரத்திற்கு இரண்டு மணிக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது. திரையின் முன் உட்காரும் நேரமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி கூடியிருந்தது! உருளைக்கிழங்கு வறுவலும் இனிப்புப் பானமும் அதிகமாயின. காய்கறி மட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பெற்றோர் பிள்ளைகளைப் பட்டினி போடவுமில்லை, வேண்டுமென்று கெடுக்கவுமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. பழைய சாப்பாடு அப்படியே இருக்க, அதன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்த ஒன்று எவ்வளவு என்று வியாபாரி முறையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் ஏறத்தாழ 100 கலோரி உண்டு. பிள்ளை பசியினால் அன்றி, பொழுது போகாமல் தினம் அதை மட்டும் அதிகமாகத் தின்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 18 முதல் ஜூலை 22 வரை ஏறத்தாழ 120 நாட்கள். ஆக 12,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது வைத்தியர்கள் கூறும் வாய்பாடு. அப்படியானால் ஒன்றரைக் கிலோ! உடம்பு ஏட்டுக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை என்பது மெய்தான். ஆனாலும் அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,90,000 பிள்ளைகளின் வைத்தியப் பதிவுகளைப் பார்த்தபோது, 5 முதல் 11 வயது வரை உள்ளவர்கள் நோய்க்கு முந்திய காலத்தோடு ஒப்பிட 2.3 கிலோ அதிகமாக ஏறியிருந்தார்கள். 16, 17 வயதினருக்கு ஏறத்தாழ ஒரு கிலோதான். சிறியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய நாளை நடத்துபவர்கள் பெரியவர்கள். அந்தப் பெரியவர்களின் நாளே அப்போது நிலைகுலைந்திருந்தது.

நிற்க. "பிள்ளை பருத்தால் என்ன? பள்ளி திறந்ததும் ஓடியாடி இளைத்துவிடுவான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாட்டிமார் பேரனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து மகிழ்வதில் குற்றமுமில்லை. ஆனால் இந்தப் பேச்சு பாதி உண்மையே. அதற்கு இங்கிலாந்து தேசத்துக் கணக்கு சாட்சி கூறுகிறது.

அங்கே பிள்ளைகள் பள்ளியில் சேரும் 4, 5 வயதிலும், ஆரம்பப் பள்ளியை முடிக்கும் 10, 11 வயதிலும் சர்க்காரே அவர்களை நிறுத்து, உயரம் அளந்து எழுதி வைக்கிறது. நோய்க்கு முன் 2019-20இல் சின்னப் பிள்ளைகளில் மிகப் பருமனாயிருந்தவர்கள் நூற்றுக்கு 9.9. ஊரடங்கு ஆண்டில் அது 14.4 ஆயிற்று. பெரிய பிள்ளைகளில் 21.0 என்றிருந்தது 25.5 ஆயிற்று. (பள்ளிகள் மூடியிருந்தபடியால் அவ்வாண்டு குறைந்த தொகைப் பிள்ளைகளையே நிறுக்க முடிந்தது, அதற்குத் தக்கபடி சரிசெய்து கூறிய எண்கள் இவை.) அடுத்த ஆண்டு பள்ளிகள் நடந்தன. சின்னப் பிள்ளைகளின் கணக்கு 10.1க்கு இறங்கி, ஏறக்குறையப் பழைய இடத்திற்கே வந்துவிட்டது. பெரிய பிள்ளைகளின் கணக்கு 23.4க்குத்தான் இறங்கியது. அதற்கு அடுத்த ஆண்டும் 22.7. பழைய 21க்கு வரவேயில்லை. ஐந்து வயதில் ஏறியது பெரும்பாலும் இறங்கியது. பத்து வயதில் ஏறியதில் ஒரு பகுதி தங்கிவிட்டது. பாட்டிமாரின் சொல் ஐந்து வயதுப் பேரனுக்குப் பொருந்தும். பத்து வயதுப் பேரனுக்கு அதை நம்பி இருக்க இயலாது.

இனி, பள்ளிக்கூடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் விற்பதை நாம் அறிவோம். நாசி லெமாக், மீ கோரெங், சர்க்கரைத் தண்ணீர். இவற்றை மருந்து என்று எவரும் சொல்லார். இருந்தும் பள்ளி நடக்கும் காலத்தில் எடை அடங்குகிறது, பள்ளி இல்லாக் காலத்தில் ஏறுகிறது. இது ஊரடங்கில் மட்டும் கண்ட விஷயமன்று. அமெரிக்காவில் 18,000க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பாலர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு முடிய ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். மிகப் பருமனான பிள்ளைகள் அந்தக் காலத்திற்குள் நூற்றுக்கு 8.9இலிருந்து 11.5 ஆகிவிட்டார்கள். அந்த ஏற்றம் முழுவதும் கோடை விடுமுறைகளில் ஏற்பட்டது. பள்ளி நடந்த மாதங்களில் ஏறவில்லை. ஊரடங்கு என்பது, நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை, மிக நீண்டதொரு விடுமுறையாயிற்று.

ஆகவே பள்ளிக்கூடம் தருவது உணவு மட்டுமன்று, மணி. எழும் மணி, தின்னும் மணி, ஓடும் மணி. வகுப்பு நடக்கும்போது டின்னைத் திறந்து முறுக்கு எடுக்க முடியாது. காலையில் எழ வேண்டும் என்பதால் இரவில் படுக்க வேண்டும். கட்டளையிட ஒருவரும் இல்லாமலே பிள்ளையின் வாயும் கண்ணும் காலும் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன. மணி நின்றபோது அந்த ஒழுங்கும் நின்றது.

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். மற்றவர் வீட்டில் மணி தவறியது 2020இல்தான். நம் வீட்டிலோ அது முன்பே தவறியிருந்தது. சாப்பாட்டுக் கடை இரவு பதினொன்றுக்கு அடைபடும். மளிகைக் கடையில் கல்லாவை எண்ணி முடிக்கவே பத்து ஆகும். அத்தா வந்தால்தான் சோறு என்று பிள்ளைகள் விழித்திருப்பார்கள். அவர் வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. பகலெல்லாம் பிள்ளை முகம் பாராதவர் வேறெப்படித் தம் பிரியத்தைக் காட்டுவார்?

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரரின் வீட்டில் நடந்தது இது. அவர் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இரவு எட்டு மணிக்கே கடையை அடைக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்து சாப்பிடுவோர் இல்லை; பொட்டலம் மட்டுமே. மாவு பிசைந்ததில் பாதி மீந்துவிடும். கொட்ட மனம் வராமல் ரொட்டி சானாயும் முர்தபாவும் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார். பல ஆண்டுகளில் முதன் முறையாக இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டில் ஒன்பது வயது மகனும் பன்னிரண்டு வயது மகளும். அவர்கள் மஃரிபுக்குப் பின் ஒரு முறை சோறு தின்றிருப்பார்கள்; அத்தா வந்ததும் மறுபடி ஒரு முறை. பிறகு கெட்டிப்பால் விட்ட தேநீர். கெட்டிப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை என்பது கடைக்காரரான அவருக்குத் தெரியாததன்று. பிறகு கைப்பேசி. அதிகாலை இரண்டு மணிக்குத் தூக்கம், காலைப் பாடத்திற்குப் பாயில் படுத்தபடியே ஆஜர். "என் வாழ்நாளில் பிள்ளைகளோடு சந்தோஷமாயிருந்த மாதங்கள் அவையே. அதுவும் ஒரு குற்றமா?" என்று அவர் நம்மிடம் கேட்டார். குற்றம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்தது குற்றமன்று. உட்கார்ந்த நேரமும், முன்னே வைத்ததுமே தவறின.

அவ்வாண்டு ரமலானும் அக்காலத்திலேயே வந்தது. ஏப்ரல் 24 முதல் நோன்பு, மே 24இல் பெருநாள். பள்ளிவாசலில் தராவீஹ் இல்லை, ரமலான் சந்தை இல்லை, பெருநாள் அன்று உறவினர் வீடுகளுக்குப் பழையபடி செல்லவும் வழியில்லை. சாதாரண ரமலானில் சிறுவர்கள் நோன்பு திறந்தபின் பள்ளிவாசலுக்கு நடப்பார்கள், ஹஜ்ரத் அதட்டும்வரை முற்றத்தில் ஓடுவார்கள். அவ்வாண்டு நோன்பு திறந்த இடத்திலேயே சஹர் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தனியாக ஒரு வார்த்தை. ஆண் பிள்ளைக்கு, கட்டுப்பாடு தளர்ந்ததும், பாடாங்கில் பந்து விளையாட வழி திறந்தது. நம் வீட்டுப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அப்படித் திறந்ததா? பள்ளியில் நடக்கும் தேகப் பயிற்சி ஒன்றே அவளுக்கு ஓட்டம். அதுவும் நின்றபோது அடுக்களைக்கும் கட்டிலுக்கும் நடந்த நடைதான் மிச்சம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை ஆட்ட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆண் பிள்ளை என்று அது பிரித்துச் சொல்லவில்லை. தாயும் மகளும் சேர்ந்து வேகமாக நடப்பதற்கும், வீட்டு முற்றத்தில் கயிறு தாண்டுவதற்கும், இறகுப் பந்து அடிப்பதற்கும் மார்க்கத்தில் தடை ஏதுமில்லை. தடை நம் சோம்பலிலும், "ஊரார் என்ன சொல்வார்கள்" என்பதிலுமே இருக்கிறது.

ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். பள்ளி திறந்தது, பழக்கம் திரும்பவில்லை. பாடத்திற்கென்று அன்று வாங்கிக் கொடுத்த கைப்பேசியைப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்கியவர் எத்தனை பேர்? நோய்க்கு முன்பே, 2019இல் நம் நாட்டுச் சுகாதார ஆய்வில், 5 முதல் 17 வயதினரில் நூற்றுக்கு 29.8 பேர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள் என்று தெரிந்தது. 2022இல் 13 முதல் 17 வயதினரை மட்டும் பார்த்தபோது 30.5. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 2017இல் நூற்றுக்கு 13ஆக இருந்த மிகை எடை 2021இல் 16 ஆயிற்று. நம் நாட்டு ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு: 2019இல் வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர் நூற்றுக்கு 18.3, இந்திய வம்சாவளியினரில் 31.4. ஒரே எடையுள்ள இரு பிள்ளைகளில், வெள்ளையர் பிள்ளையைவிட நம் இரத்தத்துப் பிள்ளையின் உடம்பில் கொழுப்பு அதிகம் என்பதும் வைத்தியர்கள் கண்டறிந்ததே. ஆகையால் பிறர் பிள்ளைக்கு அற்பமாகத் தோன்றும் இரண்டு கிலோ நம் பிள்ளைக்கு அற்பமன்று.

மணியைத் திரும்ப எப்படிக் கொண்டுவருவது? இதற்கு நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஐந்து வேளை பாங்கு நம் காதில் விழுகிறது. பள்ளி மூடினாலும், விடுமுறை வந்தாலும், அரசாங்கம் எந்த ஆணை போட்டாலும் அந்த நேரங்கள் மாறுவதில்லை. இந்நாட்டில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் இருக்கிறது. வெயில் தாழும் நேரம் அது. குர்ஆன் வகுப்பும் டியூஷனும் போக, அதில் ஒரு மணியை ஓட்டத்திற்கென்று ஒதுக்கலாம். ஒதுக்க முடியவில்லை என்றால் டியூஷனில் ஒன்றைக் குறைக்கலாம் என்பதே நம் அபிப்பிராயம். மஃரிபுக்குப் பின் இரவுச் சோறு, அத்தா வரினும் வராவிடினும். இஷாவுக்குப் பின் படுக்கை. இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதன் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் வைத்தியர்கள். சுபுஹுக்கு எழ வேண்டிய பிள்ளை இரவு ஒன்பதுக்குப் படுத்தால்தான் இக்கணக்கு ஒத்துவரும். தூக்கம் குறைந்த பிள்ளைக்குப் பசி அதிகரிக்கும். அதுவும் இனிப்பின் மேல் போகும்.

அத்தாமார் என்ன செய்வது? இரவில் முடியாதென்றால் காலையில் பிள்ளையோடு உட்காரலாம். நாம் சொன்ன சகோதரர் இப்போது அப்படித்தான் செய்கிறார். சுபுஹு தொழுதுவிட்டு மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை நடக்கிறார். வரும் வழியில் கடையைத் திறக்கிறார். இரவில் மீந்த ரொட்டி வேலையாட்களுக்குப் போகிறது.

கைப்பேசியைப் பற்றிச் சண்டையிட்டுப் பயனில்லை. 7 முதல் 12 வயதினருக்குப் பள்ளிப் பாடம் நீங்கலாக நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்குள் என்று சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2025இல் வகுத்திருக்கிறது. நல்ல அளவு. சோறு தின்னும் பாயிலும், படுக்கும் அறையிலும் அது வரலாகாது என்று ஒரு விதி போட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். விதி பெரியவருக்கும் பொருந்த வேண்டும். இது சொல்ல எளிது என்பதை எழுதுகிற நாமும் அறிவோம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பருத்த பிள்ளையைக் "குண்டா" என்று கடையில் நாலு பேர் முன் கூப்பிடாதீர்கள், பட்டினியும் போடாதீர்கள். வளரும் பிள்ளையில் பலருக்கு எடையைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. எடையை இருந்த இடத்தில் நிறுத்தி வைத்தால் உயரம் வந்து அதைச் சரிக்கட்டும். கால்சட்டையின் நீளம் பற்றாமற் போகும்; இடுப்பு அப்படியே இருக்கும்.

கடைசியாகத் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஓர் அடையாளம். பருத்த பிள்ளையின் பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் இருந்தால் அதை அழுக்கு என்று எண்ணிப் பீர்க்கங்கூடு கொண்டு தேய்க்கிறார்கள். அது அழுக்கன்று; தேய்த்தால் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்டும் குறியாக அது இருக்கக்கூடும். அமெரிக்காவில் 24 வைத்தியசாலைகளில், நோயின் முதலாண்டில், இளம் பிராயத்தினருக்குப் புதிதாகக் கண்ட இரண்டாம் வகை நீரிழிவு முந்திய ஆண்டுகளைவிட நூற்றுக்கு 77 பங்கு கூடியது. பெரியவர் வியாதி என்று நாம் நினைத்திருந்தது அது. ஆகையால் பிடரி கறுத்த பிள்ளையைத் தாமதியாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை பிறந்தபோது கொடுத்த பதிவுப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு செல்லுங்கள். சிறு வயதில் எழுதிய எடையும் உயரமும் அதில் இருக்கும்.